ஒலி ஒளிக் கருவிகளில் கோளாறு: உதவி கேட்கும் கேள்வியை எழுதும் முறை

"டிவியில் படம் தெரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை, என்ன செய்வது?" என்று எழுதுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கேட்பவருக்கு இது முழுமையான கேள்வியாகவே தோன்றும். டிவி அவர் கண்முன் இருக்கிறது; அதன் பின்னால் எந்தக் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்; போன வாரம் வரை அது ஒழுங்காக இயங்கியதும் நினைவில் இருக்கிறது. பதில் சொல்ல வருபவரிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. சத்தம் வராதது டிவியின் சொந்த ஸ்பீக்கரிலா, வெளியே இணைத்த சவுண்ட்பாரிலா, எல்லா நிகழ்ச்சிகளுக்குமா, ஒரு செயலியில் மட்டுமா, இணைப்பு எச்டிஎம்ஐ வழியா, ஆப்டிகல் கேபிள் வழியா, ப்ளூடூத் வழியா என்று அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்விகளிலேயே இரண்டு மூன்று நாட்கள் கழிந்துவிடும். உதவ வந்தவரும் சலித்துப்போய் விலகிவிடுவார். இத்தகைய கேள்விகளுக்குப் பல ஆண்டுகளாகப் பதில் எழுதி வரும் எனக்கு, கேள்வியைச் சரியாக எழுதுவதிலேயே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும் என்பதில் ஐயமில்லை.

அதற்கு அடிப்படையான பழக்கம் ஒன்றுதான். சிக்னல் எங்கே பிறக்கிறது, எந்தெந்தக் கருவிகளையும் கேபிள்களையும் கடந்து உங்கள் கண்ணையோ காதையோ வந்தடைகிறது என்ற வழியை, ஒரு கண்ணியும் விடாமல் எழுதிக் காட்ட வேண்டும். மற்ற விவரங்கள் எல்லாம் இந்த வழியில் கோளாறு எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதைச் சுருக்கிக்கொண்டே வருவதற்கானவை.

வழியை எழுதுதல்

"மடிக்கணினியை ப்ரொஜெக்டருடன் இணைத்தேன், படம் வரவில்லை" என்பதற்கும், "மடிக்கணினியின் யுஎஸ்பி-சி போர்ட், அதில் எச்டிஎம்ஐ அடாப்டர், அதிலிருந்து 15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள், அது ப்ரொஜெக்டரின் 'எச்டிஎம்ஐ 1' போர்ட்டில் முடிகிறது" என்பதற்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் அனுபவமுள்ளவர் மனத்தில் மூன்று சந்தேகங்கள் உடனே எழும். யுஎஸ்பி-சி வடிவில் இருக்கும் எல்லா போர்ட்டுகளும் படத்தை வெளியே அனுப்புவதில்லை. சில, மின்னேற்றத்துக்கும் கோப்புப் பரிமாற்றத்துக்கும் மட்டுமே உரியவை. கேபிள் கச்சிதமாகப் பொருந்துவதால் படமும் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பொய்த்துப்போகும். அடாப்டர்களிலும் படத்தைக் கடத்துபவை, கடத்தாதவை என இரு வகை உண்டு. மூன்றாவது, கேபிளின் நீளம். நொடிக்கு 60 படங்கள் கொண்ட 4கே சிக்னலுக்கு எச்டிஎம்ஐ 2.0 தரத்தில் நொடிக்கு 18 கிகாபிட் வரையான வேகம் தேவைப்படலாம். 15 மீட்டர் நீளமுள்ள சாதாரணச் செப்புக் கேபிள் அந்த வேகத்தைத் தாங்குவது கடினம். அதே கேபிளில் படத்தின் அளவை 1080பி ஆகக் குறைத்தால் படம் வந்துவிடவும் கூடும். நீளத்தைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால் இந்த மூன்றாவது சந்தேகம் யாருக்கும் எழுந்திருக்காது.

போர்ட்டின் பெயரைக் கருவியின் மேல் அச்சிட்டிருப்பது போலவே எழுதுங்கள். நான்கு எச்டிஎம்ஐ போர்ட்டுகள் உள்ள டிவியில் பெரும்பாலும் ஒன்றின் அருகில் மட்டுமே 'ஏஆர்சி' என்றோ 'இஏஆர்சி' என்றோ அச்சிட்டிருக்கும். டிவியின் சத்தத்தை அதே கேபிள் வழியாகச் சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும் வசதி அந்த ஒன்றில்தான் உண்டு. "எச்டிஎம்ஐயில் செருகியிருக்கிறேன்" என்று பொதுவாக எழுதினால், எல்லாவற்றையும் தீர்மானிக்கிற அந்த ஒரு விவரம் விடுபட்டுவிடுகிறது.

சில சொற்கள் கேட்பவருக்கு ஒரு பொருளையும் படிப்பவருக்கு வேறொரு பொருளையும் தரும். அவற்றில் முதன்மையானது 'ஆக்ஸ்'. ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில் அது சிக்னல் உள்ளே வரும் இடம். பல ஒலிகளைக் கலந்து அனுப்பும் கருவியான மிக்ஸரில் 'ஆக்ஸ் செண்ட்' என்பது சிக்னல் வெளியே போகும் இடம். அன்றாடப் பேச்சில் பலர் 3.5 மில்லிமீட்டர் ப்ளக்கையே ஆக்ஸ் என்கிறார்கள். ஆகவே எந்தக் கருவியின் ஆக்ஸ், உள்ளே வருவதா வெளியே போவதா என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். 3.5 மில்லிமீட்டர் ப்ளக்கிலும் கருப்பு வளையங்கள் இரண்டா மூன்றா என்று எண்ணிச் சொல்லுங்கள். மூன்று வளையங்கள் உள்ளது ஒலியோடு மைக்கின் சிக்னலையும் சுமக்கும் ஃபோன் வகை. ஃபோனுக்கான மைக்கைக் கேமராவில் செருகிவிட்டுப் பதிவாகவில்லை என்று தவிப்பவர்களுக்கு, அந்த வளையங்களை எண்ணிப் பார்ப்பதிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

கருவிகளின் மாதிரி எண்ணைப் பின்புற ஸ்டிக்கரிலிருந்து அப்படியே எடுத்தெழுதுங்கள். பெட்டியின் மேல் இருக்கும் கவர்ச்சிப் பெயர் போதாது, ஏனென்றால் ஒரே பெயரில் பல மாதிரிகள் வெளிவருகின்றன. அமைப்புப் பட்டியலில் (செட்டிங்ஸ்) மென்பொருள் பதிப்பு எண் இருந்தால் அதையும் சேர்க்கலாம். தொடர் எண்ணை மட்டும் பொதுவெளியில் எழுத வேண்டாம்.

கேட்டதையும் பார்த்ததையும் சொல்லும் சொற்கள்

"சத்தம் சரியில்லை" என்ற இரண்டு சொற்கள் குறைந்தது பத்துவிதக் கோளாறுகளைக் குறிக்கும். ஓசைகளை வேறுபடுத்திச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம். "ம்ம்ம்" என்று தாழ்ந்த சுருதியில் ஒரே சீராக நீளும் உறுமல் என்றால், அது மின் விநியோகத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலைவெண்ணோடு தொடர்புடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். இணைக்கப்பட்ட இரு கருவிகள் வெவ்வேறு வழிகளில் எர்த் இணைப்பைப் பெறுவதால் உண்டாகும் வளையம் இதற்கு வழக்கமான காரணம். வண்டு ரீங்கரிப்பது போலச் சற்றுக் கூர்மையாக இருந்தால், அதன் இரட்டிப்பான 100 அல்லது 120 ஹெர்ட்ஸும் அதற்கு மேற்பட்ட மடங்குகளும் கலந்திருக்கின்றன என்று ஊகித்து, பவர் சப்ளையையும் விளக்குகளின் டிம்மரையும் பார்க்கச் சொல்வார்கள். "ஸ்ஸ்ஸ்" என்ற சீறல், பலவீனமான சிக்னலைப் பின்னால் அளவுக்கு மீறிப் பெருக்குவதைக் காட்டும். குமிழைத் திருகும்போது மட்டும் எழும் கரகரப்பு, அந்தக் குமிழுக்குள் சேர்ந்த தூசியையும் தேய்மானத்தையும் சுட்டும். மைக்கை ஸ்பீக்கருக்கு அருகில் கொண்டுபோனதும் "கீ" என்று எழும் ஊளைக்குக் காரணம் மைக்கின் இருப்பிடமும் வால்யூமும்தான். அங்கே பழுதான பொருள் எதுவுமே இருக்காது. சத்தத்தை ஏற்றும்போது மட்டும் குரல் உடைந்து பிசிறடித்தால், சிக்னல் எங்கோ ஓரிடத்தில் எல்லையைத் தாண்டி வெட்டுப்படுகிறது.

இவற்றுள் என் மனத்துக்கு மிகவும் பிடித்த அடையாளம் ஒன்று உண்டு. "பாட்டில் வாத்தியங்கள் கேட்கின்றன, பாடுபவரின் குரல் மட்டும் எங்கோ தொலைவில் மங்கலாகக் கேட்கிறது" என்று ஒருவர் எழுதினால், ஹெட்ஃபோன் ப்ளக் முழுமையாக உள்ளே போகவில்லை, அல்லது அதன் பொது இணைப்புக் கம்பி அறுந்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலான பாடல்களில் குரல் இடம், வலம் இரண்டிலும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும்; பொது இணைப்பு விட்டுப்போனால் காதுக்கு எட்டுவது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே என்பதால், இரண்டிலும் பொதுவாக உள்ள குரல் கழிந்துபோகிறது. "ஹெட்ஃபோனில் தரம் குறைவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த விடைக்கு வழியே இருந்திருக்காது.

இரைச்சல் எதுவானாலும் ஒன்றைச் சோதித்து எழுதுங்கள்: வால்யூமைக் கூட்டிக் குறைக்கும்போது அந்த இரைச்சலும் கூடிக் குறைகிறதா, மாறாமல் அப்படியே இருக்கிறதா? கூடிக் குறைந்தால் அது வால்யூம் குமிழுக்கு முன்பே சிக்னலில் கலந்துவிட்டது. மாறாமல் இருந்தால் குமிழுக்குப் பின்னால் கலக்கிறது. ஒரு கையசைவில், நீங்கள் எழுதிய வழியில் பாதியை ஒதுக்கிவிட முடிகிறது.

படத்துக்கும் இதே கவனம் வேண்டும். திரை முற்றிலும் அணைந்திருப்பதும், விளக்கு எரிந்தும் கருப்பாகவே இருப்பதும், 'சிக்னல் இல்லை' என்ற அறிவிப்பு வருவதும் மூன்று வெவ்வேறு நிலைகள்; திரையில் தோன்றும் அறிவிப்பைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். படம் முழுதும் பச்சை அல்லது இளஞ்சிவப்புச் சாயல் ஏறியிருந்தால் அதைச் சொல்லுங்கள். இரு கருவிகளும் வண்ணத்தைக் குறிக்கும் முறையில் ஒத்துப்போகாதபோது அப்படி நேரும். கருவியின் முகப்புப் பட்டியல் தெளிவாகத் தெரிந்து, திரைப்படத்தை ஓடவிட்டதும் திரை கருப்பாகிறது என்றால், நகலெடுப்பைத் தடுக்கும் எச்டிசிபி பாதுகாப்பின் பக்கம் சந்தேகம் திரும்பும். 4கே படங்களுக்குப் பொதுவாக அதன் 2.2 பதிப்பை இடையிலுள்ள ஒவ்வொரு கருவியும் ஏற்க வேண்டும், ஒன்று ஏற்காவிட்டாலும் படம் தடைபடலாம்.

எப்போது, எவ்வளவு நேரம்

"சில சமயம் நின்றுவிடுகிறது" என்பதைவிட, "இரண்டு மணி நேரத்தில் நான்கு முறை நின்றது, ஒவ்வொரு முறையும் இரண்டு நொடியில் தானாகத் திரும்பியது" என்பது எவ்வளவோ மேல். கருவியை இயக்கியதுமே வருகிறதா, அரை மணி நேரம் சூடான பிறகு வருகிறதா என்பதும் முக்கியம். பின்னது என்றால் காற்றோட்டமும் தூசி வடிகட்டியும் முதலில் பார்க்கப்படும்.

நேரத்தைக் கவனிப்பதால் மிகுந்த பயன் கிடைப்பது, உதட்டசைவும் குரலும் பொருந்தாமல் போகும் சிக்கலில்தான். சத்தம் முந்துகிறதா, பிந்துகிறதா என்பதை முதலில் எழுதுங்கள். சத்தம் முந்துவதைப் பிந்துவதைவிட மனிதர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள்; சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரை, ஏறத்தாழ 45 மில்லி நொடி முந்தினாலே கவனத்தில் படும் என்றும், பிந்துவது 125 மில்லி நொடி வரை கவனத்தில் படுவதில்லை என்றும் குறிக்கிறது. அடுத்து, அந்த வேறுபாடு தொடக்கம் முதல் கடைசி வரை மாறாமல் இருக்கிறதா, நேரம் ஆக ஆக வளர்கிறதா என்பதைப் பாருங்கள். மாறாமல் இருந்தால் ப்ளூடூத் போன்ற ஏதோ ஒரு கண்ணி தாமதப்படுத்துகிறது. அதை அமைப்புப் பட்டியலிலேயே ஈடுசெய்துவிட முடியும். வளர்ந்துகொண்டே போனால் தீர்வு முற்றிலும் வேறு. கேமராவிலும் தனி ஒலிப்பதிவுக் கருவியிலும் உள்ள கடிகாரங்கள் பத்து லட்சத்தில் 30 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரப் பதிவின் முடிவில் 0.1 நொடிக்கு மேல் விலகல் வந்துவிடும். ஃபோனில் எடுத்த காணொளியில் நொடிக்கான படங்களின் எண்ணிக்கை சீராக இல்லாமல் ஏறி இறங்குவதும், சில தொகுப்பு மென்பொருள்களில் இதே விளைவைத் தரும். முதல் நிமிடத்தில் எவ்வளவு, கடைசி நிமிடத்தில் எவ்வளவு என்று இரண்டு அளவுகளைக் கொடுத்துவிட்டால் போதும், இந்த இருவேறு நோய்களையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

கோளாறு தொடங்குவதற்கு முன்னால் என்ன மாறியது என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். புதிய கேபிள், மென்பொருள் புதுப்பிப்பு, இடம் மாற்றிய வைஃபை ரௌட்டர், வேறு அறை ஆகிய எதுவும் அற்பமானதல்ல.

ஊகமும் நோக்கமும்

கண்டதையும் ஊகித்ததையும் கலந்து எழுதுவது உதவுபவரைத் தவறான திசையில் அனுப்பிவிடும். ஒருமுறை நானே, "மிக்ஸர் பழுதாகிவிட்டது, உறுமுகிறது" என்று எழுதி உதவி கேட்டேன். படித்தவர்கள் அனைவரும் மிக்ஸரைப் பற்றியே பேசினார்கள்; இரண்டு நாட்கள் கழித்து, மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் உறுமல் அடங்கியது. மிக்ஸரில் குறை எதுவும் இல்லை. "மடிக்கணினியை மிக்ஸருடன் இணைத்தால் ஸ்பீக்கரில் உறுமல் கேட்கிறது" என்று கண்டதை மட்டும் எழுதியிருந்தால், யாராவது ஒருவர் முதல் பதிலிலேயே சார்ஜரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருப்பார். ஊகத்தைச் சொல்லக் கூடாது என்பதில்லை. அதை ஊகம் என்று பெயரிட்டு, தனி வாக்கியத்தில், இறுதியில் வையுங்கள்.

நோக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். "எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் கேபிள் எது?" என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எச்டிஎம்ஐ டிஜிட்டல் சிக்னல், விஜிஏ அனலாக் சிக்னல் என்பதால், இடையில் மாற்றி அமைக்கும் மின்சுற்று உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். வெறும் கம்பி இணைப்பால் முடியாது. அந்தக் கன்வெர்ட்டரும் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். அதோடு விஜிஏ சத்தத்தைச் சுமப்பதில்லை. கேட்டவரின் உண்மையான தேவை, பழைய ப்ரொஜெக்டரில் மடிக்கணினியின் பாடக் காணொளியைச் சத்தத்தோடு காட்டுவது என்றால், கேபிளைப் பற்றிய சரியான பதில்கூட அவரை ஊமைப் படத்தின் முன்னால்தான் நிறுத்தும். "எனக்கு இது வேண்டும், ஆகவே இதை முயல்கிறேன்" என்று இரண்டையும் எழுதினால், சத்தத்துக்கான தனி வெளியீடு உள்ள கன்வெர்ட்டரை யாராவது நினைவுபடுத்துவார்கள்.

கேட்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இடது ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால், ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, அதன் பின்புறத்தில் இடது, வலது ஸ்பீக்கர் கேபிள்களை மட்டும் இடம் மாற்றுங்கள். இப்போது வலது ஸ்பீக்கர் ஊமையானால் கோளாறு ஆம்ப்ளிஃபையரிலோ அதற்கு முன்னாலோ உள்ளது. இடதே ஊமையாக நீடித்தால் கேபிளிலோ ஸ்பீக்கரிலோ உள்ளது. மூன்று பொருள்களை ஒருசேர மாற்றி, கோளாறு தீர்ந்துபோனாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. செய்து பார்த்துப் பயன் தராத சோதனைகளையும் எழுதத்தான் வேண்டும்; அவை வழியின் ஒரு பகுதியைக் குற்றமற்றதென்று விடுவிக்கின்றன.

சோதனை என்ற பெயரில் சிலவற்றைச் செய்யவே கூடாது. உறுமலைப் போக்க மின் ப்ளக்கின் எர்த் முனையை அகற்றச் சொல்லும் அறிவுரை இன்றும் உலவுகிறது. அந்த முனை கருவியின் உலோக உறையில் மின்சாரம் கசிந்தால் உயிரைக் காப்பதற்காக இருப்பது. ஆம்ப்ளிஃபையர், பவர் சப்ளை, பழைய படக்குழாய் டிவி ஆகியவற்றின் உள்ளே, மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் ஆபத்தான அளவு மின்னூட்டம் தங்கியிருக்கலாம். கருகல் வாடையோ புகையோ வந்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கருவியை நேரில் பார்க்கும் தொழில்நுட்பரிடம் போங்கள். எழுதிக் கேட்டு விடைக்காகக் காத்திருக்கும் சிக்கல் அல்ல அது.

படமும் பதிவும் இணைக்கும்போது

கருவியின் பின்புறம் முழுவதும், போர்ட்டுகளின் எழுத்துகள் படிக்கும்படி, நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் நீண்ட பத்தி ஒன்றுக்கு ஈடாகும். திரையைப் படமெடுக்கும்போது ஃபோன் கேமராவின் வேகத்தால், கண்ணுக்குத் தெரியாத கோடுகள் படத்தில் விழக்கூடும். ஆகவே நேரில் பார்க்கும்போது அவை தெரிகின்றனவா என்று ஒரு வரி சேருங்கள். இரைச்சலை ஃபோனில் பதிவு செய்தால், முதலில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று இயல்பான குரலில் இரண்டு வாக்கியம் பேசிவிட்டுப் பிறகு அமைதியாக இருங்கள். ஃபோன் சத்தத்தின் அளவைத் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் என்பதால், குரலோடு ஒப்பிட்டால்தான் அந்த இரைச்சல் எவ்வளவு பெரியது என்று பதிவைக் கேட்பவருக்கு விளங்கும்.

எழுதிப் பார்த்தால்

தொடக்கத்தில் சொன்ன அந்தச் சத்தம் வராத டிவியையே எடுத்துக்கொண்டால், கேள்வி இப்படி அமையலாம்:

"டிவியின் செயலிகளில் ஓடும் படங்களின் சத்தம் சவுண்ட்பாரில் கேட்கவில்லை, படம் சரியாக உள்ளது. இரண்டின் மாதிரி எண்களும் கீழே உள்ளன. டிவியின் 'எச்டிஎம்ஐ 2 ஏஆர்சி' போர்ட்டிலிருந்து சவுண்ட்பாரின் 'எச்டிஎம்ஐ அவுட் ஏஆர்சி' போர்ட்டுக்கு 1.5 மீட்டர் கேபிள் போகிறது. மூன்று மாதங்கள் ஒழுங்காக இயங்கியது. கடந்த செவ்வாய் இரவு டிவியின் மென்பொருள் தானாகப் புதுப்பிக்கப்பட்டது. மறுநாள் காலை முதல் சத்தம் இல்லை. டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றினால் சத்தம் வருகிறது. ஃபோனிலிருந்து ப்ளூடூத் வழியாக அனுப்பும் பாட்டு சவுண்ட்பாரில் கேட்கிறது. வேறு எச்டிஎம்ஐ கேபிள் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. இரண்டு கருவிகளின் ப்ளக்கையும் பத்து நிமிடம் கழற்றி வைத்தேன், மாற்றமில்லை. டிவியில் ஒலி வெளியீடு 'எச்டிஎம்ஐ ஏஆர்சி' என்றும், டிஜிட்டல் ஒலி வடிவம் 'ஆட்டோ' என்றும் உள்ளன. அந்தப் பக்கத்தின் படத்தை இணைத்துள்ளேன். புதுப்பிப்பில் ஏதோ ஒரு தேர்வு மாறியிருக்கலாம் என்பது என் ஊகம். ஆப்டிகல் கேபிள் ஒன்று கைவசம் உள்ளது. தற்காலிகமாக அதைப் பயன்படுத்தவும் தயார்."

இதைப் படிப்பவர் சவுண்ட்பாரின் ஸ்பீக்கர்களையும் கேபிளையும் செயலியையும் உடனே ஒதுக்கிவிடுவார். மிஞ்சுவது ஏஆர்சி இணைப்பும் ஒலி வடிவமும். கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் சிஇசி வசதி புதுப்பிப்பில் அணைந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்வார். அது பல கருவிகளில் ஏஆர்சி இயங்கத் தேவைப்படுகிறது, ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு தனிப் பெயரும் வைத்திருக்கிறது. பிறகு ஒலி வடிவத்தை, சுருக்கப்படாத எளிய வடிவமான 'பிசிஎம்' ஆக மாற்றச் சொல்வார். மாதிரி எண் கையில் இருப்பதால், அந்தத் தேர்வு எந்தப் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதைக்கூடப் பயனர் கையேட்டில் தேடி அவரால் சொல்லிவிட முடியும்.

வாங்குவதற்கு முன் கேட்கும் கேள்விகளுக்கும் இதே முறை பொருந்தும்; கோளாறுக்குப் பதிலாக, மாற்ற முடியாதவற்றை எழுத வேண்டும். ப்ரொஜெக்டர் என்றால் சுவருக்கும் அதை வைக்கும் இடத்துக்கும் உள்ள தூரம், வேண்டிய படத்தின் அகலம், பகல் வெளிச்சத்தை மறைக்க முடியுமா என்ற மூன்றும் முதலில் வர வேண்டும். தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்தான் எந்த மாதிரி பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கிறது: மூன்று மீட்டர் தூரத்தில் இரண்டு மீட்டர் அகலம் வேண்டுமென்றால் 1.5. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் என்றால் கைவசம் உள்ளதன் ஓம் அளவு (மின்னெதிர்ப்பு), அறையின் நீள அகலம், பேச்சுக்கா பாட்டுக்கா என்ற பயன்பாடு, செலவிடக்கூடிய தொகை.

பதில் வந்ததும் சொன்ன வரிசையிலேயே செய்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது என்று எழுதுங்கள். "பார்த்தேன், சரியாகவில்லை" என்பதில், எதைப் பார்த்தீர்கள், என்ன ஆயிற்று என்ற இரண்டுமே இல்லை. சிக்கல் தீர்ந்தால் எந்தப் படியில் தீர்ந்தது என்று உதவியவருக்குத் தெரிவித்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இயங்கும் அந்த நாளிலேயே கருவிகளின் பின்புறத்தையும் அமைப்புப் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை "என்ன மாறியது?" என்று யாராவது கேட்டால், அந்தப் படங்களை இன்றைய நிலையோடு ஒப்பிட்டு உங்களால் பதில் சொல்ல முடியும்.